அப்பாவின் காதில் ஒரு படம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஷர்மினியைக் கண் ஆஸ்பத்திரி நடைபாதையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா ராஜசேகரன். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். இனிப்பு நீர் வியாதி இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. இனி வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், ஆள் தெரியாது. ஒன்றரை இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

கண்ணுக்குள் கறுப்பு நூல் மாதிரி எப்போது மிதக்க ஆரம்பித்தது என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். ஞாபகமில்லை என்று இரண்டு தடவையும் சொன்னார் ராஜசேகரன்.

வெளியே வந்ததும் அவர் அழவில்லை. மகளிடம் ஒரு சத்தியம் வாங்கினார்.

"படம் ஓடி முடியிற வரைக்கும் தம்பிக்குத் தெரியக் கூடாது. முடிஞ்சோன்ன நீயே சொல்லிக்க."

அந்தப் படம் எந்தப் படம் என்று புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷர்மினியின் தம்பி தீபன் கோலாலம்பூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று வாரம் ஜோகூர் பாரு பக்கத்து மாசாய் வீட்டில் வந்து தங்கி, அப்பா ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் கேமராவோடு ஏறி, ஒரு படம் எடுத்தான். பெயர் 'இறங்காத இடம்'. ஊரையெல்லாம் பாசிர் கூடாங் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் எங்கேயும் இறங்காத ஒரு டிரைவர். அவ்வளவுதான் கதை. படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு கிடையாது. அதில்தான் தீபனுக்கு அத்தனை பெருமை.

நடித்த அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை. அம்மா பார்க்கவில்லை, அக்கா பார்க்கவில்லை. பிரிமியர் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். படம் முதன்முதலாக ஏதாவது ஒரு திரைப்பட விழாவில்தான் ஓட வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒருத்தர் கண்ணில் பட்டாலும் தீட்டு. கைப்பேசியில் ஒரு துண்டு காட்டுடா என்று அப்பா கெஞ்சியபோதுகூட, "பொறுங்கப்பா, பெரிய திரையில பாப்பீங்க" என்று தட்டிக் கழித்தான். அப்பா பொறுத்தார். கொரியாக்காரன் வேண்டாம் என்றான், ஜெர்மன்காரன் பதிலே போடவில்லை, இன்னும் எத்தனையோ ஊர் கையை விரித்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா பொறுத்தார்.

கடைசியில் சொந்த ஊரே கூப்பிட்டது. தென்முனை அனைத்துலகத் திரைப்பட விழா. கம்பெனி பலம் இல்லாமல் சொந்தமாகப் படமெடுப்பவர்களைக் கௌரவிக்க ஜோகூர் பாருவில் புதிதாகத் தொடங்கிய விழா. அந்தக் கடிதம் வந்த மாதம்தான் ராஜசேகரனின் வலது கண்ணும் போனது.

இன்றைக்குத்தான் அந்த விழா.

சிங்கப்பூர் வேலைக்கு உடம்பு சரியில்லை என்று எம்.சி. போட்டுவிட்டுக் கூடத்தில் நின்றாள் ஷர்மினி. அம்மா ஷாமளா பூப்போட்ட பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டு, புருஷனுக்கு மாட்டி, பட்டனைப் போட்டுவிட்டாள். சோபாவிலிருந்து அடுப்படி வரைக்கும் அப்பாவும் மகளும் ஒத்திகை பார்த்தார்கள். அவர் அவள் முழங்கையைப் பிடித்திருக்க வேண்டும், ஏதோ பாசத்தில் பிடித்த மாதிரி. படி வந்தால் அவள் அவர் கையை ஒரு முறை அழுத்துவாள். நிற்க வேண்டுமென்றால் இரண்டு முறை. ஒரு வாரமாக இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தீபன் உடனே ஏன் என்று கேட்பானாம்.

"இம்புட்டு நடிப்பு படத்துல நடிச்சீங்களான்னு தெரியல," என்றாள் அம்மா. "அங்க நடிச்சிருந்தா அந்தக் கொரியாக்காரனே வந்து கூட்டிட்டுப் போயிருப்பான்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சட்டைக் காலரை இன்னொரு முறை நீவிவிட்டு, தான் வரப் போவதில்லை என்றாள். மகன் முகத்தைப் பார்த்தால் வாய் தானாக உளறிவிடுமாம். கால் வலி என்று சொல்லிவிடச் சொல்லி அடுப்படிக்குள் போனவள், கார் கிளம்பும் வரைக்கும் வெளியே வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஷர்மினியின் மைவி கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முப்பது வருடம் ஓட்டிய சாலை. மேடு, பள்ளம், வளைவு எல்லாம் உடம்பில் எழுதியிருந்தது. இப்போது பிளந்தோங் சிக்னல் என்றார், சரியாக இருந்தது. இப்போது பெர்மாஸ் தாண்டுகிறோம் என்றார், அதுவும் சரி. அடுத்து இடது பக்கம் பெட்ரோல் நிலையம் வரும் பார் என்றார்.

வரவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு மேம்பாலம் போட்டிருந்தார்கள். கார் சத்தமில்லாமல் மேலே ஏறி இறங்கியது.

"வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

அவர் தலையாட்டினார். ஆனால் அதற்கப்புறம் எந்த இடத்தையும் சொல்லவில்லை. ஏறி இறங்கியது அவர் வயிற்றுக்குத் தெரியாமலா இருக்கும்?

விழா நடந்தது நகரத்துக்குள் ஒரு பழைய பேரங்காடியின் மேல்மாடித் திரையரங்கில். கீழே பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. மேலே ஒரு சிவப்புக் கம்பளம், ஒரு பெரிய பதாகை, நாலு மொழியில் நல்வரவு. கம்பளத்தில் நடந்து படம் பிடித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் படம் எடுத்தவர்களேதான். பார்க்க வந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது.

தீபன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான். கோட்டின் தோள் அவனுக்கு ஒரு சுற்று பெரிது. ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். அம்மா எங்கே என்றான். கால் வலி என்றாள் ஷர்மினி. அவன் முகம் ஒரு நொடி வாடி, உடனே தேறியது. பேசிக்கொண்டே கதவைப் பார்த்தான், டிக்கெட் மேசையைப் பார்த்தான், கைப்பேசியைப் பார்த்தான். அப்பா முகத்தை மட்டும் அவன் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்பா சிரிப்பது தன் தோளுக்கு மேலே இருக்கும் பதாகையைப் பார்த்து என்று தெரிந்திருக்கும்.

விழாவுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்த பிரேமளா என்ற பெண்ணிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, ஒலி சரியாக இருக்கிறதா பார்க்க ஓடினான்.

பிரேமளா நல்ல மாதிரி, பேச்சில் யாழ்ப்பாணத்து வாடை. அப்பாவை உட்கார வைத்து, கையில் கோப்பி கொடுத்தாள். கப்பை அவர் விரலுக்குள் ஷர்மினி நைசாகத் திணித்தாள். படத்தை இதுவரை எத்தனை தரம் பார்த்தீர்கள் அங்கிள், அலுத்துப் போயிருக்குமே என்று பிரேமளா விளையாட்டாகக் கேட்டாள்.

"இன்னும் பாக்கலமா. இன்னிக்குத்தான் மொத வாட்டி."

அவள் அதை நம்பவில்லை. ஷர்மினிதான் விளக்கினாள். பிரிமியர் சட்டம், வெளியே காட்டக் கூடாது, அதனால் வீட்டில் யாருமே பார்க்கவில்லை என்று. சொல்லச் சொல்ல பிரேமளாவின் முகம் மாறியது.

"பிரிமியர் என்டா பப்ளிக் ஷோ, ஷர்மினி. ஊருக்கு டிக்கெட் போட்டுக் காட்டுறது. வீட்டில அம்மா அப்பாவுக்குக் காட்டுறதை ஆரு கணக்கெடுக்கிறது? எல்லாரும் வீட்டு ஆக்களுக்குக் காட்டித்தான் எடிட்டே முடிப்பினம்."

தீபனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லையா என்று அவள் கேட்டாள். யார் சொல்வார்கள்? அவனுக்குத் தெரிந்த சினிமாக்காரர்கள் எல்லாம் யூடியூப்பில் பேசுகிறவர்கள். பதில் வருவதற்குள் யாரோ கூப்பிட, பிரேமளா எழுந்து போனாள்.

அப்பாவின் கையில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்க மாட்டார் என்று ஒரு கணம் ஷர்மினி நம்பப் பார்த்தாள். கண் போனவருக்குக் காது எங்கே போகும்?

"ஷர்மி."

"சொல்லுங்கப்பா."

"கண்ணு போனத நீ அவன்கிட்ட சொல்லிக்க. இப்ப அந்தப் பொண்ணு சொன்னத சொல்லாத."

"அப்பா..."

"எப்பவுமே சொல்லாத. நான் போனப்புறமும்."

முதல் சத்தியத்துக்காவது ஒரு முடிவு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. ஷர்மினி தலையை ஆட்டினாள். அப்புறம்தான் தலையாட்டினால் அவருக்குத் தெரியாது என்று உறைத்தது. "சரிப்பா," என்றாள்.

அரங்கத்தில் அஞ்சில் ஒரு பங்குகூட நிறையவில்லை. முதல் வரிசையில் நடுவர்கள். நடுவில் பள்ளிக்கூடச் சீருடையில் யாரோ அழைத்து வந்த மாணவர்கள், ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு. அப்பாவை ஓரமாக உட்கார வைத்தாள். விளக்கு அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த மட்டுக்கு அவருக்குத் தெரிந்தது.

முதலில் எஞ்சின் சத்தம். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

"என் பஸ்ஸுதான்," என்றார் கிசுகிசுப்பாக. "ஹேண்ட்பிரேக் பாரு, அழுவும். எத்தன வாட்டி மெக்கானிக்கிட்ட சொன்னேன்."

அவள் அவர் காதோரம் குனிந்தாள். நேப்பாளப் பையன்கள் ஏறுகிறார்கள் என்றாள். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு மலாய் அக்கா ஏறுகிறார் என்றாள். அது காக் ரோஸ், முன் சீட்டில்தான் உட்காருவாள் என்றார் அப்பா. ஆமாம், முன் சீட்டில்தான் உட்கார்ந்தார். அப்பா வாய்க்குள்ளே சிரித்துக்கொண்டார். கொஞ்ச நேரம், நிஜமாகவே கொஞ்ச நேரம், இது போதும் என்றுகூட ஷர்மினிக்குத் தோன்றியது.

அப்புறம் சத்தம் குறைந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம்.

எவ்வளவு பெரிய முகம். அவள் இத்தனை கிட்டத்தில் அப்பாவைப் பார்த்ததே இல்லை. திரையில் அவர் தோளில் கிடந்த, 'குட் மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டை எடுத்தார். கை நீட்டி பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"இப்ப என்ன காட்டுறான்?"

"கண்ணாடி தொடைக்கிறீங்கப்பா."

அடுத்த காட்சி சிக்னலில். சிவப்பு விளக்கு. துண்டு கையில். கண்ணாடியைத் துடைத்தார். அதற்கடுத்து ஒரு தொழிற்சாலை வாசல். எல்லோரும் இறங்கினார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்காமல், சீட்டிலிருந்து எழுந்து நின்று, உள்ளேயிருந்து அந்தப் பெரிய கண்ணாடியை மேலிருந்து கீழே துடைத்தார். கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். திரும்பத் துடைத்தார்.

கண்ணாடியில் அழுக்கே இல்லை. தூரத்துத் தொழிற்சாலை விளக்குகள் அதன் வழியாகக் கல் பதித்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. கேமராவுக்குத் தெரிந்தன.

ஷர்மினிக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. டாக்டர் கேட்டாரே, கறுப்பு நூல் எப்போது மிதக்க ஆரம்பித்தது என்று. இதோ பதில் திரையில் ஓடுகிறது. இரண்டு வருடமாகத் தம்பியின் மடிக்கணினிக்குள், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று பூட்டி வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு டிவியில் இதைப் போட்டிருந்தால் அம்மா கேட்டிருப்பாள். என்னாங்க இது, சும்மா சும்மா தொடைக்கிறீங்க என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

"இப்ப?"

"கண்ணாடிதான்பா."

"இப்பவும் ஆ?"

அப்பாவின் விரல்கள் அவள் முழங்கையில் இறுகின.

"அப்பல்லாம் ஒரே பூச்சியா பறந்துச்சு ஷர்மி. கண்ணாடியில ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்."

இன்னும் மெதுவாக, லைசென்ஸ் போய்விடும் என்று பயந்துதான் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

பின்னாலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். ஷர்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மீதிப் படம் முழுக்க ராஜசேகரன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சே இல்லாத படம். எஞ்சின் மட்டும் அவ்வப்போது உறுமியது.

முடிந்து விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். மாணவர்கள் ஆசிரியை தட்டியதைப் பார்த்துத் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினார்.

மேடையில் தீபனுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்தார்கள். வந்திருந்த எல்லாப் படைப்பாளிகளுக்கும் அதேதான், ஒரே அளவு. அப்புறம் நடுவர்களில் ஒருவர், எங்கிருந்தோ வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மைக்கை வாங்கி நிறையப் பாராட்டினார். அந்தத் துடைக்கும் காட்சிகள்தான் படத்தின் உயிர் என்றார். உலகம் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு மனிதன் உலகத்தைத் தெளிவாகப் பார்க்கப் படும் பாடு அது என்றார். இந்தக் கற்பனை எப்படி வந்தது என்று கேட்டார்.

தீபன் கூச்சத்தோடு சிரித்தான். கற்பனையே இல்லை என்றான் ஆங்கிலத்தில். தான் சொல்லிக் கொடுக்கவே இல்லையாம். அப்பா தானாகச் செய்தாராம். எடிட் செய்யும்போதுதான் கவனித்தானாம், ரொம்ப அழகாக இருந்ததாம், இருந்த அத்தனையையும் பொறுக்கியெடுத்துக் கோர்த்தானாம். அந்த முகத்தை மட்டும் நூறு தடவை பார்த்திருப்பேன் என்றான்.

ஷர்மினி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"இந்த அவார்டு எனக்கு இல்ல. எங்க அப்பாவுக்கு," என்று தமிழுக்கு மாறினான் தீபன். அப்பா மேலே வர வேண்டாம், தானே வருகிறேன் என்று சொல்லி, ஒரு கையில் மைக், ஒரு கையில் கோப்பையோடு படியில் குதித்து இறங்கினான். பெரிய தோள் கோட்டில் பொன்னாடை வழுக்கிக்கொண்டே இருந்தது. சீட்டுகளுக்கு நடுவே நடந்து வந்தான். எல்லாத் தலையும் அவனோடு திரும்பியது.

ஷர்மினி அப்பாவை எழுப்பி நிறுத்தினாள்.

"பிடிங்கப்பா."

ஒலிபெருக்கி சுவரில் இருந்தது. தீபனின் குரல் அங்கிருந்துதான் வந்தது. அப்பா சிரித்த முகத்தோடு அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் ஏந்தினார். கோப்பை இந்தப் பக்கம். அப்பாவின் கைகள் அந்தப் பக்கம், வெறும் காற்றில், வாங்கக் காத்திருந்தன.

தீபன் முதலில் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். இந்தப் பக்கம்பா என்று சொல்லி, கோப்பையை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோனான். கண் அசையவில்லை. மெதுவாக இடது பக்கம் நகர்த்தினான். வலது பக்கம் நகர்த்தினான். கண்ணாடிக் கோப்பை அரங்க விளக்கில் மினுங்கி மினுங்கிப் போய் வந்தது. அப்பா சுவரைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு தீபன் முகத்திலிருந்து எப்போது போனது என்று ஷர்மினிக்குத் தெரியவில்லை. பார்த்தபோது இல்லை.

"பா," என்றான். மைக்கை இறக்க மறந்திருந்தான். அரங்கம் முழுக்கக் கேட்டது. "கண்ணாடிய ஏன் தொடச்சிக்கிட்டே இருந்தீங்க?"

அப்பாவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"மழைடா," என்றார்.

அந்த மூன்று வாரமும் மாசாயில் மழையே இல்லை. வறட்சி, குழாயில் தண்ணீர்கூட முறை வைத்துத்தான் விட்டார்கள். படம் எடுத்தவனுக்கு அது தெரியாதா? நூறு தடவை பார்த்தவனுக்கு?

தீபன் கோப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தான். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. அப்பாவை அவன் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"எப்பலேருந்துக்கா?"

படம் ஓடி முடிந்துவிட்டது. முதல் சத்தியம் தீர்ந்துவிட்டது, இப்போது அவள் சொல்லலாம். ஆனால் எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். அதற்கடுத்தது பிரேமளா சொன்ன விஷயம். அந்தப் பிரேமளாவே பின்வரிசையில் எழுந்து நின்று, விஷயம் புரிந்தவளாய், இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

ஷர்மினி வாயைத் திறந்தாள்.

காற்றில் நின்ற கைகளில் ஒன்று இறங்கி, தடவி, அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தது. வீட்டில் ஒத்திகை பார்த்த மாதிரியே ஒரு முறை அழுத்தியது.

இன்னொரு முறை அழுத்தியது.